'ங்க' போட்டுத் திட்டும் இடத்தில் ஐந்து வருடம்

திருப்பூரில் எல்லோரும் மரியாதையாகத்தான் பேசுவார்கள் என்று வெளியூர்க்காரர்கள் சொல்வதுண்டு. சில்லறை கேட்கும் கண்டக்டர், இளநீர் வெட்டுகிறவர், போலீஸ்காரர் என்று எல்லோர் வாயிலும் 'ங்க' ஒட்டிக்கொண்டிருக்கும். நான் கோபிசெட்டிபாளையம் பக்கம். நடக்கப் பழகும் பிள்ளையைக்கூட "வாங்க சாமி" என்று கூப்பிடும் வீட்டில் வளர்ந்தவன். அதனால்தான் என் மேலதிகாரி என்னை அவமானப்படுத்துகிறார் என்பது புரியவே எனக்கு ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அவர் ஒருநாளும் 'ங்க'வை விட்டதில்லை.

"ஏனுங்க, படிச்சு பாஸ் பண்ணீங்களா, இல்ல பக்கத்துல எட்டிப் பாத்து எழுதீட்டீங்களா?"

"உங்களுக்குச் சொல்லிப் புரிய வெக்கற நேரத்துல நானே செஞ்சுருவனுங்க."

குரல் உயராது, முகத்தில் லேசான சிரிப்பு இருக்கும். சுற்றி நாலைந்து பேர் நிற்கும்போதுதான் சொல்வார். அவர்களும் சிரிப்பார்கள். ஆரம்பத்தில் நானும் சிரித்தேன்.

2014 ஜூனில் ஓர் ஏற்றுமதி பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராகச் சேர்ந்தேன். சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நிற்கிற வேலை. லேப் டிப் என்கிற சாய மாதிரித் துணியின் அப்ரூவலில் தொடங்கி கடைசி கார்ட்டன் ஏறும்வரை எது தவறினாலும் எங்களிடம்தான் வந்து நிற்கும். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்களே, அதற்குச் சம்பளம் வாங்குகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். இந்தத் தொழிலில் யாராவது கத்துவது புதிதல்ல. கத்தல் வேறு, இவர் செய்தது வேறு என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தவர் எங்கள் கட்டிங் மாஸ்டர்.

மாஸ்டர் வாயைத் திறந்தால் வாடா போடாதான். "ஏண்டா, கண்ணத் தூக்கிப் பரண்ல வெச்சுட்டு வந்தியா?" என்று அவர் போடுகிற சத்தம் பக்கத்து காம்பவுண்ட் வரை கேட்கும். அந்த கட்டிங் டேபிளில் ஏழு பையன்கள். நான் இருந்த ஐந்து வருடத்தில் அதிலிருந்து இரண்டு பேர்தான் போனார்கள், அதில் ஒருவன் கல்யாணம் முடித்து மனைவியின் ஊரோடு போனவன். மாஸ்டர் துணி வீணாவதைத்தான் திட்டுவார், பையனின் படிப்பையோ அப்பனையோ இழுக்க மாட்டார். திட்டின அரை மணி நேரத்தில் அதே பையனிடம், துணியில் எதை எங்கே வெட்டுவது என்று வரைந்த மார்க்கர் பேப்பரை நீட்டி, "இத இப்படிப் போட்டா துணி மிச்சமாகுமா, பாரு" என்று யோசனை கேட்பார். சாயங்காலம் டீயும் பன்னும் அவர் காசில் வரும். என் மேலதிகாரி, அதாவது எங்கள் ஜி.எம். (ஜெனரல் மேனேஜர்), யாரிடமும் யோசனை கேட்டதில்லை. அவர் மேஜைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் உண்டு. பையரின் ஆட்களைத் தவிர வேறு யாரும் அதில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

அவர் செய்ததை ஒவ்வொன்றாகச் சொன்னால் எல்லாமே சில்லறையாகத் தெரியும். நாம் பேசிக்கொண்டிருக்கும்போதே போனை எடுத்துப் பார்ப்பார். காலை வணக்கத்துக்குப் பதில் வராது. அவசர மெயிலுக்கு மூன்று நாள் மௌனம், நான்காம் நாள் பையரையும் சேர்த்துக்கொண்டு "ஏன் இன்னும் முடியவில்லை?" என்று ஒரு மெயில். இரவு பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு டேமேஜ் பீஸின் படம், கீழே என் பெயர், பக்கத்தில் மூன்று கேள்விக்குறி. வீட்டில் சொன்னால், "இதுக்கெல்லாமா வருத்தப்படறீங்க?" என்றுதான் என் மனைவி கேட்டாள். அவள் கேட்டதில் தப்பில்லை. எனக்கே அந்தச் சந்தேகம் இருந்தது.

ரொம்ப நாள் கழித்துத்தான் வேலையிடத்தில் நடக்கும் இந்த மாதிரி மரியாதைக் குறைவுக்கென்று ஆராய்ச்சியே நடக்கிறது என்று தெரிந்துகொண்டேன். லின் ஆண்டர்சன், கிறிஸ்டின் பியர்சன் என்ற இருவர் 1999-ல் எழுதிய கட்டுரையில், தீவிரம் குறைந்ததாகவும் காயப்படுத்தும் நோக்கம் இருக்கிறதா இல்லையா என்று தெளிவாகச் சொல்ல முடியாததாகவும் இருக்கும் நடத்தை என்று இதை வரையறுக்கிறார்கள். அந்தக் கடைசிப் பாதியைப் படித்தபோது எனக்குப் பெரிய நிம்மதி. அடித்தால் அடித்தார் என்று சொல்லலாம். இதில் 'நாமதான் தப்பா எடுத்துக்கிறோமோ' என்று நம்மையே நாம் விசாரித்துக்கொண்டிருப்போம். அந்த விசாரணைக்கே பாதி நாள் போய்விடும்.

அந்தக் குழப்பத்தைத் தீர்க்க ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினேன். தேதி, என்ன சொன்னார், யார் யார் இருந்தார்கள், அதில் எடுத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஏதாவது இருந்ததா என்று நாலு கட்டம். இரண்டு மாதத்தில் 31 பதிவுகள். எண்ணிப் பார்த்தால் ஒன்பதில் என் தவறு நிஜமாகவே இருந்தது. சாம்பிள் அனுப்பத் தாமதித்தது, துணியின் எடை அளவான ஜி.எஸ்.எம்.மைச் சரிபார்க்காமல் துணிக்கு ஓகே சொன்னது, இப்படி. அந்த ஒன்பதையும் திருத்திக்கொண்டேன். மீதி 22-ல் எனக்கு எடுத்துக்கொள்ள ஒன்றுமே இல்லை, வெறும் குத்தல். இந்தக் கணக்கு கையில் வந்த பிறகுதான் இரவில் தூக்கம் கொஞ்சம் ஒழுங்காக வந்தது. உங்களுக்கும் இப்படி ஓர் இடம் வாய்த்திருந்தால் முதலில் நோட்டு போடுங்கள் என்பேன். பழிவாங்க ஆதாரம் சேர்க்கிற வேலை இல்லை இது. எது நம் தவறு, எது அவர் குணம் என்று பிரித்து வைக்கிற வேலை. ஆபீஸ் கம்ப்யூட்டரில் மட்டும் எழுதாதீர்கள்.

இனி நான் யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன்.

2017 அக்டோபர். பெண்கள் டாப்ஸ், 4,800 பீஸ் ஆர்டர். துணி 95 சதவீதம் காட்டன், 5 சதவீதம் எலாஸ்டேன் என்கிற இழுபடும் நூல். செவ்வாய்க்கிழமை சாயங்காலம் லைன் பக்கம் நடந்தபோது ஒரு பீஸைத் திருப்பிப் பார்த்தேன். வாஷ்கேர் லேபிளில் 100 சதவீதம் காட்டன் என்று அச்சாகியிருந்தது. பழைய ஆர்டரின் லேபிளை யாரோ எடுத்துக் கொடுத்துவிட்டார்கள். அப்போது தைத்து முடிந்தது 600 பீஸ் இருக்கும். லைனை நிறுத்தச் சொல்லி, மேலே போய்ச் சொல்ல வேண்டியதுதான் என் வேலை. ஆனால் அன்று காலை மீட்டிங்கில் ஒரு பட்டன் விஷயத்துக்காக என்னை நிற்க வைத்து, "இவருக்குச் சம்பளம் குடுக்கறதுக்கு அந்தக் காசுல ரெண்டு மிசின் வாங்கிப் போட்ருக்கலாமுங்க" என்று சொல்லியிருந்தார். படியேற மனம் வரவில்லை. காலையில் ஆர்டர் ஷீட்டைச் சரிபார்த்துவிட்டுச் சொல்லலாம் என்று எனக்கே ஒரு சாக்குச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குப் போனேன். புதன்கிழமையும் சொல்லவில்லை. வியாழன் மத்தியானம் செக்கிங்கில் ஓர் அக்கா கண்டுபிடித்தபோது 2,900 பீஸ் தாண்டியிருந்தது. லேபிள் பக்கத் தையலோடு சேர்த்து அடிக்கப்பட்டிருக்கும், தையலைப் பிரித்துத்தான் மாற்ற வேண்டும். மூன்று நாள் வேலை. தூத்துக்குடியில் ஏற வேண்டிய கப்பலை விட்டோம். பாதிச் சரக்கு விமானத்தில் போனது, செலவு கம்பெனி தலையில்.

லேபிளை மாற்றிக் கொடுத்த ஸ்டோர் பையன்தான் திட்டு வாங்கினான். நான் பார்த்தும் பேசாமல் இருந்தது யாருக்கும் தெரியாது. பயந்தது பாதி உண்மைதான். 'நல்லா வேணும்' என்ற ஒரு குரலும் எனக்குள் இருந்தது. என்னைப் பற்றி எனக்கே அருவருப்பு வந்த நாள் அது.

இஸ்ரேலில் பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுக் குழுக்கள் 24-ஐ வைத்து ஒரு சோதனை செய்து 2015-ல் வெளியிட்டார்கள். பயிற்சிக்காக ஒரு நோய்ச் சூழலை உருவாக்கி, சில குழுக்களிடம் மட்டும் வெளியிலிருந்து வந்த நிபுணர் மட்டம் தட்டிப் பேசும்படி ஏற்பாடு. அந்தக் குழுக்கள் நோயைக் கண்டறிவதிலும் சிகிச்சை செய்வதிலும் பின்தங்கின. ஒருவருக்கொருவர் தகவல் சொல்வதும் உதவி கேட்பதும் குறைந்துபோனது அதற்கு முக்கியக் காரணம் என்று கண்டார்கள். அவர்கள் டாக்டர்கள், நர்ஸுகள், கையில் குழந்தையின் உயிர். நான் லேபிள் பார்க்கிறவன். ஆனால் படியேறாமல் நின்ற அந்தக் கால் எப்படி நின்றது என்று எனக்குப் புரிந்தது.

திருப்பூரில் ஒரு விசித்திரம் உண்டு. எந்தத் தெருவில் போனாலும் கேட்டில் 'ஆட்கள் தேவை' என்று போர்டு தொங்கும். சிங்கர் டெய்லர், ஓவர்லாக், பேட்லாக், செக்கிங், கைமடி. முறைத்துப் பேசினால் டெய்லர் சனிக்கிழமை சம்பளத்தை எண்ணி வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை அடுத்த தெருவில் மிசின் முன்னால் உட்கார்ந்திருப்பார். விலகல் கடிதமும் இல்லை, விளக்கமும் இல்லை. மாதச் சம்பளக்காரர்களான எங்களால் அப்படிப் போக முடியாது. வீட்டுக் கடன், பிள்ளையின் ஸ்கூல் ஃபீஸ், ரிலீவிங் லெட்டர் என்று ஆயிரம் கயிறு. அதனால் நாங்கள் உட்கார்ந்த இடத்திலேயே வேலையை விட்டுவிடுவோம். ஐடி கார்டு கழுத்தில் தொங்கும், ஆள் இருக்காது. அமெரிக்காவில் கிறிஸ்டின் போரத்தும் அதே பியர்சனும் 17 துறைகளில் 800 பேரிடம் கேட்டு 2013-ல் வெளியிட்ட கணக்கில், மரியாதைக் குறைவால் வேலையை விட்டவர்கள் 12 சதவீதம்தான். வேண்டுமென்றே உழைப்பைக் குறைத்துக்கொண்டோம் என்றவர்கள் 48 சதவீதம். முதலாளிகள் போனவர்களை மட்டும்தான் எண்ணுகிறார்கள்.

புகார் சொல்ல வழி இல்லையா என்று கேட்பீர்கள். எங்கள் கம்பெனியில் புகார்ப் பெட்டி இருந்தது. பையரின் ஆடிட் வருகிற வாரம் அதன் பூட்டுக்கு எண்ணெய் போடுவார்கள். சட்டத்தைப் பார்த்தால், பாலியல் தொல்லைக்கு 2013-ல் வந்த சட்டம் இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்கிற இடத்தில் உள்ளகக் குழு அமைத்தே ஆக வேண்டும். பட்டியல் சாதியினரையோ பழங்குடியினரையோ சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினால் 1989-ம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. பேச்சு இந்த இரண்டில் எதைத் தொட்டாலும் அதை 'அவர் பேசற விதமே அப்படித்தான்' என்று விடாதீர்கள், அதற்கான வழியில் போங்கள். என்னுடையது போன்ற வெறும் குத்தலுக்கு அப்படி ஒரு வாசல் கிடையாது. ஆளிடமே பேசியாக வேண்டும்.

எனக்கு முன்னால் சீனியர் ஒருவர் பேசிப் பார்த்தார். "கொஞ்சம் மரியாதையா பேசுங்க சார்" என்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து ஜி.எம். அவரை, "சார் வாங்க சார், சார் உத்தரவு குடுத்தா ஷிப்மென்ட் அனுப்பிக்கலாங்களா சார்" என்றே கூப்பிட ஆரம்பித்தார். மூன்று மாதத்தில் அவர் போய்விட்டார்.

அதைப் பார்த்துவிட்டதால் நான் மரியாதை என்ற வார்த்தையையே எடுக்கவில்லை. ஒரு சனிக்கிழமை சாயங்காலம், சம்பளம் போட்டு முடிந்து அவர் கொஞ்சம் தளர்வாக இருந்த நேரத்தில், தனியாகப் போய் ஒன்றே ஒன்று கேட்டேன். "சார், டேமேஜ் போட்டோவ குரூப்ல போடறதுக்கு முன்னாடி எனக்குத் தனியா அனுப்புங்க. குரூப்ல எல்லாரும் பதில் போட்டுப் போட்டு எனக்கு விஷயம் போய்ச் சேரவே லேட்டாகுது. எனக்கு வந்தா பத்து நிமிஷத்துல ஆளப் புடிச்சுருவேன்." அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் நாலு மாதம் குரூப்பில் என் பெயர் வரவில்லை. அப்புறம் பழையபடி வந்தது, அது வேறு. குணத்தை மாற்றச் சொல்லிக் கேட்டால் சண்டைதான் மிஞ்சும். ஒரு பழக்கத்தை, அதுவும் அவருக்கே லாபம் வருகிற மாதிரி, மாற்றச் சொன்னால் சில நேரம் நடக்கும். நாலு மாத நிம்மதி சின்ன விஷயமா?

இந்த இடத்தில் என் பங்கையும் சொல்லிவிட வேண்டும். எனக்குக் கீழே ஒரு பெண் ஜூனியராகச் சேர்ந்தாள். காலேஜ் முடித்து முதல் வேலை, தினம் ஊத்துக்குளியிலிருந்து வந்து போவாள். நான் அவளைத் திட்டியதே இல்லை என்பதில் எனக்குப் பெருமை. எட்டு மாதத்தில் அவள் நின்றுவிட்டாள். கடைசி நாள் கணக்கு ஒப்படைக்கும்போது காரணம் கேட்டேன். தயங்கித் தயங்கிச் சொன்னாள்: "நீங்க திட்டவே இல்லீங்ண்ணா. ஆனா நான் வந்து எது சொன்னாலும் ஒரு நாளும் நிமுந்து பாக்கலீங்ண்ணா. மிசின்கிட்டப் பேசற மாதிரியே இருந்துச்சுங்க."

நான் ஜி.எம். அறையிலிருந்து இறங்கி வரும்போது கையில் எதுவும் கொண்டுவரவில்லை என்று நினைத்திருந்தேன். அவளுக்கு நான் போட்ட மெசேஜ்களைத் தேடிப் பார்த்தேன். ஒற்றைக் கேள்விக்குறி, ஒற்றைக் கேள்விக்குறி, "இன்னுமா?", ஒற்றைக் கேள்விக்குறி. மன்னிப்புக் கேட்டு ஒரு மெசேஜ் அனுப்பினேன். கும்பிடு போட்ட பொம்மை ஒன்று பதிலாக வந்தது.

அவள் போன அன்றுதான் நானும் போக வேண்டும் என்று முடிவு செய்தேன். 2018 நவம்பர். அன்றே கடிதம் கொடுத்திருந்தால் சினிமா மாதிரி இருந்திருக்கும். மச்சான் ஒருவர் வேறு கம்பெனியில் அக்கவுண்ட்ஸ் பார்க்கிறார். அவர்தான், "மாப்ள, சேந்த தேதி என்ன?" என்று முதல் கேள்வி கேட்டார். நாலு வருடம் ஐந்து மாதம் ஆகியிருந்தது. பணிக்கொடைக்கு, அதாவது கிராஜுவிட்டிக்கு, ஐந்து வருடம் வேண்டும். அன்றைய விதிப்படி, கடைசியாக வாங்கும் அடிப்படைச் சம்பளமும் பஞ்சப்படியும் சேர்த்து 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, வருடத்தால் பெருக்க வேண்டியிருந்தது. எனக்கு அடிப்படை 18,000. ஐந்து வருடத்துக்கு 51,923 ரூபாய். ஐந்தாம் வருடத்தில் 240 நாள் வேலை செய்திருந்தாலே போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு ஒன்று உண்டு என்றும் மச்சான் சொன்னார். ஆனால் அதைக் காட்டி வாதாட வேண்டியிருக்கும், எனக்கு அந்தத் தெம்பு இல்லை. ஏழு மாதம் பல்லைக் கடித்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று.

ஆச்சரியம், பல்லைக் கடிக்க வேண்டியே இருக்கவில்லை. காலண்டரில் தேதி குறித்த பிறகு அவர் சொன்னது எதுவும் முன்போல் தைக்கவில்லை. ரயில் டிக்கெட் பையில் இருப்பவனுக்குப் பிளாட்பாரத்துச் சத்தம் தொந்தரவாகவா இருக்கும்? அந்த ஏழு மாதத்தில்தான் நான் என் வேலையை ஒழுங்காகச் செய்தேன் என்றுகூடச் சொல்வேன். பார்த்த தவறை அன்றே மேலே போய்ச் சொன்னேன். குத்துவார், கேட்டுக்கொண்டு இறங்கி வருவேன். வீட்டில் மூன்று மாதச் செலவைத் தனிக் கணக்கில் ஒதுக்கினோம். பி.எஃப். கணக்கில் அப்பா பெயரில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது, வேலையில் இருக்கும்போதே திருத்திக்கொண்டேன். வெளியே வந்த பிறகு பழைய கம்பெனியின் கையெழுத்துக்கு அலைவது நரகம். பி.எஃப். பணத்தை எடுக்காமல் புதிய இடத்துக்கு மாற்றினேன். மொத்தம் பத்து வருட சர்வீஸ் சேர்ந்தால்தான் ஓய்வூதியத் தகுதி என்பதால் பழைய ஐந்து வருடத்தை இழக்க மனமில்லை.

புதிய வேலை தேடும்போது சம்பளத்துக்கு அடுத்து நான் பார்த்தது ஒன்றுதான். இன்டர்வியூவுக்கு அரை மணி நேரம் முன்னாலேயே போய் ரிசப்ஷனில் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே இருந்து வருகிறவர்கள் செக்யூரிட்டியிடமும் டீ கொண்டுவரும் அக்காவிடமும் எப்படிப் பேசுகிறார்கள் என்று கவனிப்பேன். நம்மிடம் அன்று எல்லோரும் நன்றாகத்தான் பேசுவார்கள். அவிநாசி ரோட்டில் ஒரு கம்பெனியில் சம்பளம் 6,000 அதிகம். பேசிக்கொண்டிருக்கும்போதே முதலாளி டீ டம்ளரைப் பார்க்காமல் கையை மட்டும் நீட்டி, "சூடே இல்ல, எடுத்துட்டுப் போ" என்றார். அந்த அக்காவுக்கு அவர் அம்மா வயது. நான் வேண்டாம் என்று வந்துவிட்டேன். மனைவிக்குக் கொஞ்ச நாள் கோபம். "இந்த இடத்துல எனக்கு முன்னாடி இருந்தவங்க எங்க போனாங்க?" என்று நேராகவே கேட்பதும் நல்லது. பதிலைவிட, பதில் சொல்லும் முகத்தைப் பாருங்கள்.

2019 ஜூலை முதல் வாரத்தில் விலகல் கடிதத்தோடு ஜி.எம். அறைக்குப் போனேன். காரணம் என்று 'சொந்தக் காரணம்' என்றுதான் எழுதியிருந்தேன். மனதில் தயாரித்து வைத்திருந்த வசனம் இரண்டு பக்கம் இருக்கும், ஒன்றும் பேசவில்லை. இந்த ஊரில் ஒரு மெர்ச்சண்டைசர் இன்னொரு கம்பெனியில் சேரும் முன்னால் பழைய இடத்துக்கு ஒரு போன் போகும், அது எனக்குத் தெரியும். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். போனைக் கவிழ்த்து வைத்தார்.

"உக்காருங்க" என்றார்.

எந்த நாற்காலி என்று தெரியாமல் ஒரு நொடி நின்றேன். அப்புறம் இடது பக்க நாற்காலியில் உட்கார்ந்தேன். ஏசி காற்று நேராக முகத்தில் அடித்தது. இந்த சீசன் முடிகிறவரைக்கும் இருக்க முடியுமா, சம்பளம் பார்த்துச் செய்யலாம், குடும்பத்தில் ஏதாவது பிரச்சினையா என்று கேட்டார். நோட்டீஸ் காலம் முழுக்க இருந்து எல்லாவற்றையும் ஒப்படைத்துவிட்டுத்தான் போவேன் என்றேன். டீ வந்தது. ஐந்து வருடத்தில் அந்த அறையில் நான் குடித்த முதல் டீ, சர்க்கரை கொஞ்சம் தூக்கல்.